கான்பூருக்கு ஒரு ரஜாய்

"ஒத்த ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கா? மொதல்ல அத்தச் சொல்லும்மா. அப்புறந்தான் வில்லத் தொடுவேன்."

"பஞ்ச அடிக்கச் சொன்னா கேள்வியா அடிக்கறியே பாய்!"

"கேக்காம எப்டி? ஒத்த ஆளுன்னா மூணு ராத்தல். ரெண்டு ஆளுன்னா அஞ்சு. கம்மியாப் போட்டா குளிரு உள்ள பூந்துடும். ஜாஸ்தியாப் போட்டா மனுசன் ரஜாயப் போத்திக்க மாட்டான், தூக்கிக்கினு நிப்பான்."

மதில் சுவருக்கு மேலே ஒரு தலை எழுந்தது. "ஏ தாயாரு, இதுல யோசிக்க இன்னா கீது? கல்யாணம் ஆயி பத்து மாசம் ஆவுது. ரெண்டு ஆளுன்னு சொல்லு. நாம இன்னா போஸ்டாபீஸ் மூட்டையா தைக்கறோம், ஒத்தையா அனுப்ப?"

வீட்டுக்குள்ளே தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையின் சத்தம் சட்டென்று நின்றது.

ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குப் பஞ்சு அடிக்க வந்த ரஷீத் அஹமது வில்லைத் தோளிலிருந்து இறக்காமல் காத்திருந்தார். சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு அக்தரி பேகம் புருவத்தைத் தூக்கியபடி காத்திருந்தாள். தாயாரம்மாள் பஞ்சு மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு கை பஞ்சை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அதில் முகர்ந்து பார்க்க ஒன்றுமே இல்லை.

"மூணு ராத்தல் போதும்" என்றாள்.

அக்தரியின் தலை சுவருக்குப் பின்னால் இறங்கிவிட்டது. வில்லின் நரம்பு 'டொய்ங்' என்று பேச ஆரம்பித்தது. உள்ளே ராட்டை மறுபடி சுற்றியது. ஆனால் மெதுவாக.

ராட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தது மருமகள் கமலவேணி.

கான்பூரிலிருந்து அந்தக் கடிதம் வந்து இன்றோடு ஒன்பது நாள். ஆம்பூர்த் தோல் ஷாப்பில் சாயப் பகுதியில் வேலை பார்த்துவந்த தாயாரம்மாளின் மகன் பரந்தாமனுக்கு, கான்பூரில் ஒரு பெரிய தோல் தொழிற்சாலையில் இடம் கிடைத்திருந்தது. அக்தரியின் தம்பி ஆபித் பாஷா பதினைந்து வருஷமாக அங்கேதான் இருக்கிறார். அவர்தான் சொல்லி வைத்தார். அவர்தான் எழுதியும் இருந்தார். 'வெள்ளிக்கிழமை வண்டி ஏறவும். இங்கே குளிர் பல்லைக் கிட்டவைக்கிறது. ரஜாய் இல்லாமல் வர வேண்டாம். அறை பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம்.'

தாயாரம்மாளின் புருஷன் பக்தவச்சலம் அந்தக் கடிதத்தைத் தறியில் உட்கார்ந்தபடியே எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். கடைசி வரி வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடிதத்தை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் ரஜாயைப் பற்றியே பேசினார்கள். அந்தக் கடைசி வரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

குடியாத்தத்தில் அந்தத் தெருவில், பெற்றவர்கள் முன்னால் ஒரு மகன் தன் பெண்டாட்டியைப் பற்றி வாய் திறப்பது வழக்கமில்லை. மருமகள் தானாகக் கேட்பது அதைவிட வழக்கமில்லை. அதனால் எல்லோருடைய கேள்வியும் ரஜாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அது எவ்வளவு அகலம்? அவ்வளவுதான் கேள்வி. ஒற்றை ஆள் அகலமென்றால் கமலவேணி இங்கே. இரட்டை ஆள் அகலமென்றால் கமலவேணி கான்பூரில்.

இப்போது மூணு ராத்தல் என்று பதில் வந்துவிட்டது.

கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த பரந்தாமனும் அதைக் கேட்டான். வாயைக் கொப்புளித்தான். துண்டைத் தேடிக்கொண்டு தறிக்கூடத்துக்குள் போனான். அங்கே ஆணியில்தான் அம்மாவின் அளவுக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. துண்டு எடுக்க ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் உள்ளேயே இருந்தான். பிறகு வேகமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஷாப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றேம்மா" என்று ஆம்பூருக்குப் பஸ் பிடிக்கப் போய்விட்டான்.

தாயாரம்மாளிடம் அளவுகோல் கிடையாது. பாவாடையோ பந்தலோ, எதையும் கயிற்றால்தான் அளப்பாள். நேற்று சாயங்காலம் தன் கையால் மூன்று முழம் அளந்து, கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு அந்த ஆணியில் மாட்டியிருந்தாள். இப்போது அதை எடுத்து, பார்க்காமலே மருமகளின் மடியில் போட்டாள்.

"அக்தரி ஊட்டு மெஷின்ல துண்டுங்கள வரிசை வரிசையா ஓட்டிக்கினு வந்துடு. ஒவ்வொரு வரிசையும் இந்தக் கயிறு நீளம். முடிச்சு வந்ததும் நிறுத்திடு."

"சரிங்க அத்தே."

கமலவேணி துணி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். முகத்தை மாமியாருக்குக் காட்டாமல் போனாள். தாயாரம்மாளும் பார்க்க விரும்பவில்லை.

*

அக்தரி பேகத்தின் கை மெஷின் கறுப்பு நிறம். பாதித் தெருவின் பாவாடையும் சட்டையும் அதில் தைத்தவை. அக்தரிக்குக் கமலவேணி எப்போதும் 'பேட்டி', அதாவது மகள்.

"இன்னா பேட்டி, அழுதியா?"

"இல்லீங்க அக்தரிம்மா. பஞ்சுத் தூசி."

"பஞ்சு அங்க வாசல்ல அடிக்கறாரு. தூசி உள்ள வந்து உன் ரெண்டு கண்ண மட்டும் தேடிப் புடிச்சுதாக்கும்."

கமலவேணி மூட்டையைப் பிரித்தாள். தறியில் பாவு முடிகிற இடத்தில் மிஞ்சும் கைலித் துண்டுகள். அரை முழத்துக்கு அரை முழமாக நேற்றே வெட்டி வைத்திருந்தாள். பச்சையில் மஞ்சள் கட்டம், ரங்கூனுக்குப் போனது. நீலத்தில் வெள்ளைக் கட்டம், தெருவில் எல்லா ஆண்களும் கட்டுவது. ஒரு துண்டில் கட்டம் கோணலாக ஓடியது. அது மாமனார் ஜுரத்தோடு நெய்தது. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் பரந்தாமன் கட்டியிருந்த அரக்குக் கட்டமும் இருந்தது. அதை மட்டும் கமலவேணி அடியில் வைத்திருந்தாள்.

"அக்தரிம்மா, கான்பூர்ல பனி விழுமா? மரத்து மேலல்லாம் வெள்ளையா, உப்பு கொட்டின மாதிரி?"

"நீ படிக்கற அந்தப் பனிதேசத்துக் கதைப் புஸ்தகத்த மூடி வை மொதல்ல! பனிக்கட்டியெல்லாம் விழாது. மூடுபனி வரும். எதிர்ல வர்ற மாடு மேல முட்டினப்புறந்தான் மாடுன்னு தெரியும்னு எந்தம்பி சொல்வான்."

கமலவேணிக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. எதிரில் வருவது தெரியாத ஒரு தெருவை நினைத்துப் பார்த்தாள். பரந்தாமன் மட்டும் அதில் தனியாக நடந்து போனான். சிரிப்பு நின்றுவிட்டது.

கயிற்றைத் தரையில் நீட்டினாள். அதன் பக்கத்திலேயே துண்டுகளை அடுக்கினாள். ஒரு வரிசைக்கு ஆறு துண்டு என்பது அவள் கணக்கு.

ஆறு வைத்தாள். கயிறு தீரவில்லை.

ஏழு வைத்தாள். எட்டு வைத்தாள். ஒன்பதாவது துண்டின் ஓரத்தில்தான் முடிச்சு வந்து உட்கார்ந்தது.

மறுபடியும் எண்ணினாள். தன் முழங்கையால் அளந்தாள். நாலரை முழம்.

"அக்தரிம்மா..."

"இன்னாடி?"

"அத்தே கையால குடுத்த கயிறுங்க இது. நாலரை முழம் கீது."

அக்தரி மெஷினை விட்டு எழுந்து வந்தாள். கால் பெருவிரலால் ஒவ்வொரு துண்டாகத் தொட்டு எண்ணினாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "அடி என் தாயாரு! தெருவுக்கே கேக்கற மாதிரி மூணு ராத்தல்னு கத்திட்டு, கயித்துல இந்த வேலை பண்ணிக்கீறா பாரு! வாயி மாமியா வாயி. கையி அம்மா கையி."

 கமலவேணி அடியில் வைத்திருந்த அரக்குத் துண்டை எடுத்து முதல் வரிசையின் நடுவில் வைத்தாள். அன்றைக்கு அந்த மெஷின் ஓடியதுபோல் அதற்கு முன் ஓடியதில்லை. நடுவில் ஒருமுறை நூல் அறுந்தபோது, "பொறுமையா ஓட்டு பேட்டி, ரயிலு வெள்ளிக்கெழமதான்" என்று அக்தரி சொல்ல வேண்டியிருந்தது.

*

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறிகள் நின்றன. முற்றத்தில் பெரிய பாயை விரித்து, கமலவேணி தான் தைத்துக் கொண்டுவந்த ரஜாய் மேல்துணியை அதன்மேல் பரப்பினாள். பரப்பப் பரப்ப அது விரிந்துகொண்டே போயிற்று. பாயைத் தாண்டி இரண்டு பக்கமும் மண்ணில் இறங்கியது.

தாயாரம்மாள் கை கழுவிவிட்டு வந்தாள். நின்றாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் நடந்தாள். திரும்பி நடந்தாள்.

"இது இன்னாடி வேணி இது..." என்று குரலை எடுத்தாள்.

அதற்குள் கமலவேணி அவள் காலைத் தொட்டுவிட்டாள்.

"அத்தே, நான் கேட்டிருக்கவே மாட்டேன். நெஞ்சு வெடிச்சாலும் கேட்டிருக்க மாட்டேன். நீங்களா மனசுல வெச்சு, எனக்குக்கூடச் சொல்லாம, முடிச்ச மாத்தி வெச்சிருக்கீங்க. எங்கம்மா இருந்திருந்தாக்கூட எனக்கு இப்டிச் செஞ்சிருப்பாங்களான்னு தெரியல."

தாயாரம்மாளின் வாய் திறந்தபடி இருந்தது. திட்டுவதற்கு எடுத்த மூச்சு உள்ளேயே நின்றது. 'நான் மாற்றவில்லை' என்று சொல்லவேண்டும். இரண்டே வார்த்தை பிடிக்கிற வேலை. ஆனால் காலடியில் கிடந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"எழுந்திரு. பொடவையில மண்ணு" என்றாள்.

இருவரும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். இந்த நேரம் கதை நேரம். பரந்தாமன் ஆம்பூர் வாசகசாலையிலிருந்து கொண்டுவந்த புத்தகம், ஏதோ பனிதேசத்து பாஷையிலிருந்து தமிழாக்கியது. கமலவேணி படிப்பாள். எழுத்துத் தெரியாத தாயாரம்மாள் கேட்பாள். கேட்பது மட்டுமா?

"'இவான் பெத்ரோவிச் தொப்பியைக் கழற்றினார். வான்யா, என்று அவள் அழைத்தாள்...'"

"இரு இரு. வான்யா யாரு? புதுசா ஒருத்தன் வர்றானா?"

"இல்லீங்க அத்தே, அவருதான் இவரு."

"ஒருத்தனுக்கு எத்தினி பேருடி? ரேஷன் கார்டுல எப்டி எழுதுவாங்க? நமக்கு இதெல்லாம் சரிப்படாது. ஜோலார்பேட்ட டேசன் மாஸ்டருன்னே படி."

அதனால் பத்து நாளாக அந்தப் பனிதேசத்தில் ஜோலார்பேட்டை ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு உலாவி வந்தார். அவர் தூரதேசத்துக்கு மாற்றலாகிப் போகிறார். அவர் மனைவி பெட்டியோடு பிளாட்பாரத்தில் நிற்கிறாள். ஏறுவதா, வயதான அம்மாவோடு இருந்துவிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பனி கொட்டுகிறது. வண்டி ஊதுகிறது.

"'அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள்...'"

"போதும்" என்றாள் தாயாரம்மாள்.

கமலவேணி நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் இப்படி நடுவில் நிறுத்தச் சொன்னதே கிடையாது. 'இன்னும் ஒரு பக்கம், அந்தக் கொழம்பு கொதிக்கட்டும்' என்றுதான் சொல்வாள்.

"இன்னிக்கு இது போதும். போய்த் தண்ணி எடுத்துக்கினு வா."

கமலவேணி குடத்தோடு போனாள். தாயாரம்மாள் மேல்துணியின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

இருபத்தெட்டு வருஷம் அவள் தறிச் சத்தத்துக்குள் குடும்பம் நடத்தியிருக்கிறாள். புருஷன் நல்லவர்தான். ஆனால் ஒரு நாளைக்குப் பேசுகிற பத்து வார்த்தையில் ஆறு வார்த்தை நூலோடு பேசுவார். பெண் குழந்தை இல்லை. மகன் வெளியூர் போவது மகனுக்கு அழகு, அதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. பத்து மாதத்துக்கு முன் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த இந்தப் பெண்தான் அவளுக்கு ஊசி கோத்துக் கொடுக்கிறாள், கதை படிக்கிறாள், அவள் சொல்கிற அசட்டு ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிறாள். மூணு ராத்தல் என்று சொன்னபோது அவள் மகனைப் பற்றி நினைக்கவேயில்லை.

*

ஓரம் அடிக்க நூல் வேண்டும். கமலவேணியின் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள் தாயாரம்மாள்.

மேலே பயணத்துக்காக அவள் தைத்த சின்னச் சின்ன சாமான்கள் இருந்தன. ஊசி செருகி வைக்க மடிப்புத் துணி. சவரக் கத்தியும் சீப்பும் வைக்க நாடா போட்ட சுருள்பை. டம்ளருக்கு ஒரு உறை. தலையணை உறை ஒன்று, மூலையில் பச்சைக் கிளி, வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் தாயாரம்மாளுக்குத் தெரிந்தவை. 'கிளிக்கு வயிறு ஜாஸ்தி' என்று அவளே கேலி செய்திருந்தாள்.

எல்லாவற்றுக்கும் அடியில், பழைய காகிதத்துக்குள், இன்னொரு தலையணை உறை இருந்தது.

அதிலும் ஒரு பச்சைக் கிளி. இடது பக்கம் பார்த்தது. இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். இரண்டாவது கிளிக்கு மூக்கு இல்லை. சிவப்பு நூல் பாதியில் நின்றிருந்தது. கடிதத்தின் கடைசி வரியைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை என்று தெரிந்த நாளில் அது நின்றிருக்கும் என்று தாயாரம்மாளால் ஊகிக்க முடிந்தது.

உறையை மடித்துக் காகிதத்துக்குள்ளேயே வைத்தாள். கயிற்றை எடுத்துக்கொண்டு தறிக்குப் போனாள்.

"இன்னாங்க, இந்த முடிச்சு நீங்க போட்டதா?"

பக்தவச்சலம் தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தவில்லை. "இன்னா முடிச்சு?"

"பாருங்களேன். எனக்கு வெள்ளெழுத்து."

அவர் தறியை நிறுத்தினார். கயிற்றை வாங்கி முடிச்சைக் கட்டைவிரலால் தடவினார். பார்க்கக்கூட இல்லை. பாவில் அறுந்த இழைகளை நாற்பது வருஷமாக முடிந்து முடிந்து பழகிய விரல்.

"என் முடிச்சு இல்ல. உன்னுதும் இல்ல. நீ ரெண்டு சுத்து சுத்துவே" என்றார். "இது பின்னாலேர்ந்து முன்னால வந்துகீது. எடது கை."

அந்த வீட்டில் இடது கைக்காரன் ஒருவன்தான். சின்ன வயதில் அவனைத் தறியில் உட்காரவைத்து, கையை மாற்ற அவர் மூன்று வருஷம் போராடினார். கை மாறவில்லை. அவன் போட்ட முடிச்சில் பாவு சிக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில்தான் ஆம்பூர்த் தோல் ஷாப்புக்கு அனுப்பினார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திருட்டுப் பய" என்றாள் தாயாரம்மாள்.

"மூணு வருசம் சொல்லிக் குடுத்தேன்" என்றார் பக்தவச்சலம். "இப்பத்தான் ஒரு முடிச்சு உருப்படியாப் போட்டிருக்கான்." நாடா மறுபடி ஓட ஆரம்பித்தது. அன்றைய பங்கு வார்த்தைகள் அவரிடம் தீர்ந்துவிட்டன.

*

நாலரை மணிக்குப் பரந்தாமன் வந்தான். அவன் சட்டையில் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை வாசனை. கையில் ஷாப் தோஸ்துகள் கொடுத்த பிரியாணிப் பொட்டலம். முற்றத்தில் அவ்வளவு அகலத்துக்குத் துணி பரப்பியிருந்ததைப் பார்த்ததும், அவன் கால் வாசலிலேயே நின்றுவிட்டது.

"வா. உக்காரு" என்றாள் தாயாரம்மாள். கயிற்றை அவன் முகத்துக்கு நேரே தொங்கவிட்டாள். "இது இன்னா?"

"கயிறு."

"இது?"

"முடிச்சு."

"யாரு போட்ட முடிச்சு?"

பரந்தாமன் தன் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அடுக்களை நிலையருகில் நின்றிருந்த கமலவேணி கயிற்றைப் பார்த்தாள், கணவனின் கையைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். காலையிலிருந்து நடந்ததெல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அத்தையின் காலைத் தொட்டுத் தான் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. நிலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"வாயி இல்லையாடா உனக்கு? கயித்துகிட்ட போயிச் சொல்லிக்கீறே?"

"கீதும்மா."

"அப்ப தொற."

பரந்தாமன் அப்பாவைப் பார்த்தான். அப்பா நூலைப் பார்த்தார்.

"வேணியையும் கூட்டிக்கினு போறேம்மா."

"போறேன்னு தகவல் சொல்றியா? நான் இன்னா டேசன் மாஸ்டரா? கேளு."

சுவருக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. பரந்தாமனின் காது சிவந்தது. இருபத்து நாலு வயதில், முப்பது ஆட்களுக்குச் சாயம் கலக்கிக் காட்டுகிறவன், பாயின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டு கேட்டான்.

"கூட்டிக்கினு போகட்டுமாம்மா?"

 தாயாரம்மாள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய தலையணை இருந்தது. பல்லால் ஒரு ஓரத்து நூலைக் கடித்து இழுத்தாள். தையல் சரசரவென்று பிரிந்தது.

"அத்த எதுக்குக் கிழிக்கறே?" என்று தறியிலிருந்து குரல் வந்தது.

"மூணு ராத்தல் அடிச்சு வெச்சா அஞ்சு ராத்தல் எங்கேர்ந்து வரும்? பாய் போய்ட்டாரு. இது உசரம் ஜாஸ்தி. எனக்குக் கழுத்து வலிக்குது."

அந்தத் தலையணை அப்படியொன்றும் உயரம் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

சுவருக்கு மேலிருந்து இன்னொரு தலையணை பறந்துவந்து முற்றத்தில் விழுந்தது. "எனக்கும் கழுத்து வலி தாயாரு!" என்றாள் அக்தரி.

*

பழைய பஞ்சை வீட்டிலிருந்த நாலு பேரும் விரலால் பிய்த்துப் பிய்த்து உப்பவைத்தார்கள். கீழே தாயாரம்மாளின் இரண்டு பழைய நூல்சேலைகள், நடுவில் பஞ்சு, மேலே கைலிக் கட்டங்கள். பிறகு தறிக்குத் திரும்பிய அப்பாவிடம் பரந்தாமன் பொட்டலத்தோடு போய் உட்கார்ந்தான். பெண்கள் இருவரும் எதிரெதிர் ஓரத்தில் உட்கார்ந்து, நடுவை நோக்கித் தைத்து வந்தார்கள். பஞ்சு நகராமல் பிடிக்க நீள நீளமான ஓட்டுத் தையல். இப்படி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் துணி ஒரு பக்கமாக இழுக்காது.

கமலவேணி முதல் வரிசையை முடித்து நூலைக் கடித்தாள்.

"அத்தே" என்றாள் கமலவேணி, தலை நிமிராமல். "நான் நீங்கதான்னு நெனச்சு..."

"தெரியும்."

"நீங்க ஏன் அப்பவே சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீ கால்ல வுழுந்துட்டே. கால்ல வுழுந்தவளத் தாண்டிப் போனா பாவம்." தாயாரம்மாள் தன் ஊசியை நீட்டினாள். "கோத்துக் குடு."

கமலவேணி நூலை நுனிநாக்கில் நனைத்துக் கோத்துக் கொடுத்தாள். இன்றைக்கு இது ஏழாவதோ எட்டாவதோ தடவை.

"உன் கிளிக்கு மூக்கு வெச்சிடு" என்றாள் தாயாரம்மாள்.

கமலவேணியின் கை நின்றது.

"டப்பாவ நான்தான் தொறந்தேன், நூலுக்கு. மூக்கு இல்லாத கிளி கான்பூர்ல பேரு கெடுக்கும்."

வெயில் மதிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தையல் வரிசைகளும் நெருங்கி வந்திருந்தன. நடுவில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி. அந்த அரக்குக் கட்டம். ஒரு பக்கம் கமலவேணியின் சின்னச் சின்னத் தையல், மறுபக்கம் வெள்ளெழுத்துக்காரியின் கோணல் தையல்.

"அந்த அம்மா வண்டி ஏறினாளா?" என்றாள் தாயாரம்மாள்.

"யாரு அத்தே?"

"டேசன் மாஸ்டரு பெண்டாட்டி. ஒரு காலத் தூக்கிப் படியில வெச்சா. அப்புறம்?"

"தெரியாதுங்க அத்தே. இன்னும் எண்பது பக்கம் கீது."

"எண்பது பக்கம்னா எத்தினி நாளு?"

"மத்தியானத்துக்கு நாலு பக்கம் படிச்சா... இருபது நாளு ஆவும்."

தாயாரம்மாள் விரல் விட்டு ஏதோ எண்ணினாள். ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். பரந்தாமன் சிரிக்கிற சத்தம் தறிக்கூடத்திலிருந்து கேட்டது. அது அடங்கும்வரைக்கும் காத்திருந்தாள். அவள் இந்த வீட்டில் சொல்லிப் பழகியவள். செய் என்பாள், வை என்பாள், போ என்பாள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் அல்ல. அதனால் வார்த்தைகள் அவளுக்குச் சரியாக வரவில்லை.

"ரெண்டு ஆளு ரஜாய்தான். அதுல மாத்தம் இல்ல. அவன் வெள்ளிக்கெழம அத்த எடுத்துக்கினு முன்னாடி போவட்டும். தை பொறந்ததும் உங்க மாமாவே உன்ன அங்க கொண்டுபோயி வுட்டுடுவாரு..."

கமலவேணி நிமிர்ந்தாள்.

"இது மாமியா சொல்றதில்ல வேணி. நீ முடியாதுன்னாலும் நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். வெள்ளிக்கெழம நானே உன் பொட்டியக் கட்டித் தர்றேன்." தாயாரம்மாள் தன் பக்கத்துக் கோணல் தையலைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தாள். "சும்மா கேக்கறேன். அந்தக் கதை முடியற வரைக்கும்... எங்கூட இருக்கியா?"